கூப்பிடு தூரம்: மலையில் உதவிக்கு அழைத்த வரலாறும் ஒரு செய்மதிக் கருவியும்

"கூப்பிடு தூரம்" என்று ஓர் அளவு தமிழில் உண்டு. ஒருவர் குரல் கொடுத்தால் இன்னொருவர் காதில் விழுகிற தூரம். அது எத்தனை மீற்றர் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நடுவில் மலை நிற்கிறதா, அந்தப் பக்கம் இருக்கிறவர் காது கொடுக்கிறாரா என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

எங்கள் வட்டத்தில் கொஞ்ச நாளாக ஓடும் விவாதம் இந்த அளவைப் பற்றியதுதான். சீசன் முடிந்த மாதங்களில் பலாபத்தல பக்கமாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்களும், குருவிட்ட எரத்ன பாதையில் போகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சிக்னல் இல்லாத எடத்துல ஒருத்தர் விழுந்து கால ஒடச்சிக்கிட்டா என்ன செய்யிறது?" உடனே ஒருவர் போனில் படம் காட்டுவார். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, மேலே சின்ன அன்டெனா, பக்கத்தில் மூடி போட்ட ஒரு பொத்தான். டவர் தேவையில்லை, நேராகச் செய்மதியோடு பேசும். அடுத்த கேள்வி: இதில் எதை வாங்குவது?

கடைக்காரர் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகளின் வரலாற்றையும் நம் தோட்டங்களின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. உதவிக்கு அழைப்பது என்பது மூன்று காரியம் சேர்ந்தது. குரல் போய்ச் சேரணும். நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டவருக்குத் தெரியணும். தெரிந்தவர் கிளம்பி வரணும். உலகம் முதல் இரண்டையும் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் எடுத்தது. மூன்றாவதில் எங்கே ஓட்டை விழும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும்.

தப்பும் தபாலும்

தோட்டத்தின் முதல் தொடர்புக் கருவி தப்பு. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டால் எழும்பணும், பெரட்டுக்குப் போய் நிற்கணும். அந்தச் சத்தம் மலையின் வளைவுகளைத் தாண்டி ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கூப்பிடு தூரத்தை நீட்ட அந்தக் காலத்துத் தோட்டத்திடம் இருந்த தொழில்நுட்பம் அது. ஆனால் அது ஒரு திசையில்தான் வேலை செய்தது. மேலிருந்து லயத்துக்கு அழைப்பு வந்தது. லயத்திலிருந்து மேலே போக அப்படி ஒரு கருவி இருக்கவில்லை.

இரவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் கங்காணியை எழுப்பணும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்லணும். அங்கிருந்து சேதி துரை பங்களாவுக்கோ டிஸ்பென்சரிக்கோ போகணும். தொலைபேசி வந்த பிறகும் அது நெடுங்காலம் பங்களாவிலும் ஒபீஸிலும் ஃபெக்டரியிலும்தான் இருந்தது. அழைப்பு போன பிறகு ஆளை ஏற்றிக்கொண்டு போனது பெரும்பாலும் கொழுந்து லொறி. ஒவ்வொரு கையையும் தாண்டித்தான் குரல் அடுத்த கைக்குப் போகும். நடுவில் ஒருவர் "காலையில பாப்போம்" என்றால் அங்கேயே அது நின்றுவிடும்.

இரண்டாவது சிக்கல் முகவரி. தோட்டத்து மக்களின் கடிதங்கள் தோட்ட நிர்வாகத்தின் வழியாகத்தான் வந்தன. ஒரு ஆள் தபாலகத்துக்குப் போய்ப் பையை வாங்கி வருவார், ஒபீஸில் கொடுப்பார், அங்கிருந்து பிரிந்து வரும். முகவரி என்றால் தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர். இந்த லயத்தில் இந்தக் காம்பரா என்று தனியாக ஒன்று இல்லை. பல தோட்டங்களில் இன்றும் இதுதான் நிலை. இதைக் கடிதம் தொலைகிற பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கும்போதுதான் இதன் மறுபக்கம் தெரியும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுவதும் வந்த அந்தச் சேவை உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் "எங்க வரணும்?" என்று கேட்டால் என்ன சொல்வது? "கீழ் டிவிஷன், கோயிலுக்கு மேல, ரெண்டாவது லயம்." தோட்டத்துக்காரருக்கு அது முகவரி. வெளியே இருந்து வண்டி ஓட்டி வருகிறவருக்கு அது வழியே இல்லை.

மூன்றாவது சிக்கலை சபரகமுவக்காரர்களான நாங்கள் வேறு மாதிரிக் கண்டிருக்கிறோம். நுவரெலியாவில் தோட்டத்தை அடுத்துத் தோட்டம் வரும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அப்படி இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, இறப்பரும் தேயிலையுமாக, சிதறிக் கிடக்கின்றன நம் லயங்கள். 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்முறைகள் இந்தத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனது அந்த ஆண்டுகளில்தான். அந்த இரவுகளில் போட்ட கூச்சல் கேட்கிற தூரத்தில் ஊர்கள் இருந்தன. சில அயலவர்கள் கதவைத் திறந்து ஒளித்து வைத்தார்கள். பல கதவுகள் திறக்கவில்லை. கேட்கிறது வேறு, வருகிறது வேறு என்பதை எங்கள் பாட்டன் பாட்டிமார் எந்தச் செய்மதியும் இல்லாமலே படித்தவர்கள்.

ஏழு கன்னியர் மலை

இனி உலகக் கதைக்கு வருவோம். அதன் ஒரு முனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. கித்துல்கலையில் இருந்து மேலே ஏறினால் நோர்ட்டன் பிரிட்ஜ். அங்கே வரிசையாக நிற்கும் சிகரங்களை ஏழு கன்னியர் மலை என்போம், சிங்களத்தில் சப்த கன்யா. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருந்து ஹஜ் பயணிகளோடு கொழும்பு வழியாக ஜித்தா போகவிருந்த நெதர்லாந்தின் மார்ட்டினேர் நிறுவனத்தின் விமானம் அந்த மலையில் மோதியது. பயணிகள் 182 பேர், ஊழியர்கள் 9 பேர். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இன்றுவரை இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து அதுதான்.

விமானம் கொழும்புக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தது. இறங்கப் போகிறோம் என்ற நினைப்பில் இருந்தது. திடீரென்று பேச்சு நின்றது. கொழும்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மலையடிவாரத் தோட்டத்து மக்களுக்கு அதைவிட அதிகமாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் இருந்தது கூப்பிடு தூரத்தில். அங்கே கேட்ட சத்தத்துக்கும் கொழும்பில் விழுந்த மௌனத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைச் செய்மதி வழியாக நிரப்பும் வசதி அப்போது இருக்கவில்லை. அந்த விபத்தில் காப்பாற்ற ஒருவரும் மிஞ்சவில்லை என்பது வேறு விஷயம். மிஞ்சியிருந்தால் எப்படித் தேடியிருப்பார்கள்?

இந்தக் கேள்வி இரண்டு வருடத்துக்கு முன்னரே அமெரிக்காவில் எழுந்திருந்தது. 1972 ஒக்டோபர் 16இல் அலாஸ்காவில் ஒரு சின்ன விமானம் காணாமல் போனது. அதில் இருந்தவர்களில் இருவர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள், ஹேல் பொக்ஸ், நிக் பெகிச். 39 நாள் தேடினார்கள். எந்தச் சமிக்ஞையும் கேட்கவில்லை, எந்தத் துண்டும் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. காணாமல் போனவர்கள் அதிகாரம் உள்ளவர்கள் என்பதால் சட்டம் வேகமாக அசைந்தது. விமானங்களில் அபாய ஒலிபரப்பிக் கருவி வைக்கும் விதி இறுகியது, வானத்தில் இருந்து அந்தச் சமிக்ஞையைக் கேட்கும் ஆராய்ச்சியும் சூடு பிடித்தது. யார் காணாமல் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தேடும் தொழில்நுட்பமும் வளர்கிறது. இதை ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்வோம்.

இரண்டு எதிரிகள் சேர்ந்து கட்டிய காது

பனிப்போரின் நடுவில், 1979இல், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நான்கும் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்தன. கொஸ்பாஸ்-சார்சாட் என்று அதற்குப் பெயர். சோவியத்தின் கொஸ்மொஸ் 1383 செய்மதி 1982 ஜூனில் ஏவப்பட்டது. அந்த செப்டம்பரிலேயே கனடாவின் மலைக்காட்டில் விழுந்த ஒரு சின்ன விமானத்தின் சமிக்ஞையை அது பிடித்தது. மூன்று பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஒருவரையொருவர் அணுகுண்டால் குறி வைத்திருந்த நாடுகள், ஒருவன் காட்டில் கத்தினால் இன்னொருவன் கேட்டுச் சொல்வான் என்று கைச்சாத்திட்டு அதன்படி நடந்தும் காட்டின.

ஆனால் அந்தக் காதுக்கு ஆரம்பத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. பழைய கருவிகள் 121.5 மெகாஹேர்ட்ஸில் வெறும் ஓசையைத்தான் எழுப்பின. யார் கத்துகிறார் என்ற அடையாளம் அதில் இல்லை. எங்கே என்பதும் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். வந்த எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவை: தவறி விழுந்த கருவி, தட்டுப்பட்ட பொத்தான், வேறு ஏதோ மின்சாதனத்தின் இரைச்சல். கடைசியில் 2009 பெப்ரவரி 1ஆம் திகதியோடு செய்மதிகள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திவிட்டன.

அதன் இடத்துக்கு வந்தது 406 மெகாஹேர்ட்ஸ். இந்தக் கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. அந்தக் குறியீடு ஒரு நாட்டின் பதிவேட்டில் உங்கள் பெயர், தொடர்பு எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். உள்ளே ஜிபிஎஸ் இருந்தால் நூறு மீற்றர் அளவுக்கு இடத்தைச் சொல்லும். பெயரும் முகவரியும் சேர்ந்த பிறகுதான் குரலை நம்பத் தொடங்கினார்கள். முகவரி இல்லாத லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரலாறு புதிதாகத் தெரியாது.

இந்தியாவும் இந்த வலைப்பின்னலில் இருக்கிறது. இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் உள்ளது. இலங்கை அந்த மையத்தின் சேவைப் பரப்புக்குள் வருகிறது. அதாவது ஹோர்ட்டன் சமவெளியிலோ சிவனொளிபாதக் காட்டிலோ ஒருவர் 406 கருவியை இயக்கினால், அந்தச் சேதி வானத்துக்குப் போய், பெங்களூர் வழியாகக் கொழும்புக்கு வந்து, பிறகுதான் இரத்தினபுரிக்கு வரும். எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

"கேட்டுச்சு" என்று யார் சொல்வது?

தமிழர்களில் இந்தக் கருவியை அதிகம் கையில் எடுத்தவர்கள் மலையேறிகள் இல்லை, மீனவர்கள். இஸ்ரோ செய்த அபாய எச்சரிக்கைக் கருவி 2010இல் இருந்து இந்திய மீனவர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது, 20,000க்கு மேல் பாவனையில் உள்ளதாக இஸ்ரோவே சொல்கிறது. தீ, படகு மூழ்குதல், மருத்துவ உதவி என்று காரணத்தைத் தெரிவு செய்து பொத்தானை அமுக்கலாம். ஆனால் முதல் தலைமுறைக் கருவி ஒருவழிப் பாதை. அமுக்கியவருக்குத் தன் குரல் கேட்டதா என்று தெரியாது.

2017 நவம்பர் 30இல் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. கரையின் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். குமரி மாவட்டத்திலும் கேரளத்தின் தெற்கிலும் பலர் திரும்பி வரவேயில்லை. கரையிலிருந்து கடலுக்குச் சேதி போகிற வழியைப் பற்றி அதன் பிறகுதான் தீவிரமாகப் பேசினார்கள். 2024இல் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறைக் கருவி இதைச் சரி செய்யப் பார்க்கிறது. பொத்தானை அமுக்கினால், கேட்டுவிட்டது என்ற பதில் படகுக்குத் திரும்பி வரும். புயல் வருகிறது என்ற சேதியும் அதே கருவிக்கு வரும். ஐரோப்பாவின் கலிலியோ செய்மதிகள் 406 கருவிகளுக்கு இப்படி ஒரு பதில் வசதியை 2020இல் தொடங்கின.

காலொடிந்து பள்ளத்தில் கிடக்கிறவருக்கு அந்தப் பதில் மருந்து மாதிரி. "வாறாங்க" என்று தெரிந்தால் அசையாமல் கிடப்பார். தெரியாவிட்டால் ஊர்ந்து இறங்கப் பார்ப்பார், அதில்தான் பலர் சாகிறார்கள்.

தமிழ்நாட்டில் மலைப் பயணம் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இறங்கிய இளைஞர்களைக் காட்டுத்தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேதி வெளியே போகாமல் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது, சரிவு செங்குத்தானது, ஹெலிகொப்டர் முழுமையாக வேலை செய்ய மறுநாள் விடியணும். அந்த இரவில் முதலில் மேலே ஏறியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். இருட்டில் பாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கடையில் இருக்கிற கருவிகள்

வணிகக் கருவிகளின் கதை சுருக்கமானது. இரிடியம் நிறுவனம் 66 செய்மதிகளைப் பறக்கவிட்டு 1998இல் சேவையைத் தொடங்கியது, மறுவருடமே திவாலானது, பிறகு கை மாறி எழுந்தது. அதன் செய்மதிகள் ஒன்றோடொன்று பேசும், அதனால் பூமியில் எங்கிருந்து அனுப்பினாலும் சேதியைக் கைமாற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடும். குளோபல்ஸ்டார் வேறு வகை. அதன் செய்மதி உங்களையும் தரை நிலையம் ஒன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கணும். பக்கத்தில் தரை நிலையம் இல்லாவிட்டால் வானத்தில் செய்மதி இருந்தும் பயனில்லை. 2007இல் வந்த ஸ்பொட் கருவி குளோபல்ஸ்டாரில் ஓடுகிறது. 2011இல் வந்து பிறகு கார்மினின் கைக்குப் போன இன்ரீச் இரிடியத்தில் ஓடுகிறது. இன்ரீச்சில் இரு பக்கமும் குறுஞ்செய்தி அனுப்பலாம். 2022இல் ஐபோனிலும் செய்மதி அவசர அழைப்பு வந்தது. ஆனால் அது சில நாடுகளில் மட்டும்தான், இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டில் இருந்து மாமா அனுப்பிய போனில் அந்த வசதி இருக்கிறது என்று நம்பிக் காட்டுக்குள் போக வேண்டாம்.

2025இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க்கைப் பற்றியும் கேட்கிறார்கள். அது தட்டும் மின்சாரமும் வேண்டிய இணைய இணைப்பு. தோட்டப் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ நல்லது. முதுகுப் பையில் போடுகிற சாமான் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடணும். இலங்கையில் ரேடியோக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வெளிநாட்டில் இருந்து கொண்டுவருமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு அனுமதி பெறுவது அவசியம். போர்க் காலத்தில் ஒரு வோக்கிடோக்கி வைத்திருந்தாலே என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழ்ப் பெயரோடு ஒரு செய்மதிக் கருவியைச் சோதனைச் சாவடியில் எடுத்துக் காட்டுகிறவருக்கு அந்தக் கடிதம் பையில் இருப்பது நல்லது. இந்தியாவில் இன்னும் கடுமை. அனுமதியில்லாத செய்மதிக் கருவியோடு விமான நிலையங்களில் பிடிபட்டு வழக்கு வாங்கிய வெளிநாட்டு மலையேறிகள் இருக்கிறார்கள். கொடைக்கானல் போகிற திட்டம் இருந்தால் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மே மாதம்

இந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. ஒருவர் நகரத்தில் இருந்து காட்டுக்குப் போகிறார், சில நாள் இருக்கிறார், திரும்பி வருகிறார். சிக்னல் இல்லாத மலை என்பது போய் வருகிற இடம். நம்மில் பலருக்கு அது வீடு.

2003 மே 17இல் தொடங்கிய மழையில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மூழ்கியது. தெற்கு, சபரகமுவப் பகுதிகளில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகு, சுனாமியும் வந்து போன பிறகு, 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, 117 என்ற இலக்கம் வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்து சொல்லத் தொடங்கியது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் தயாராகு, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேறு.

சரியாக 13 வருடம் கழித்து, 2016 மே 17இல், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயங்கள் மேல் மண் வந்தது. 16 பேர் புதைந்தார்கள். அரநாயக்கவை நாடு நினைவில் வைத்திருக்கிறது. களுபஹனவை நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

ஊவாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கணும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை மாற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது, எங்கோ கிடைத்தும் இருந்தது. ஆனால் லயத்து மக்கள் போக மாற்றுக் காணி இருக்கவில்லை. அங்கே அறுந்தது கம்பி இல்லை, கடமை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பாதையும் மின்சாரமும் கோபுரங்களும் ஒரே நேரத்தில் விழுந்தன. அதுவரை எல்லார் கையிலும் இருந்த போன், அந்த நாட்களில் பல இடங்களில் வெறும் டோர்ச் லைட் ஆனது. செய்மதிக் கருவியைப் பற்றி எங்கள் விவாதம் திசை மாறியது அதன் பிறகுதான். மலையேறப் போகிற நான்கு பேருக்கு மட்டும் அது வேண்டிய சாமான் இல்லை என்று தோன்றியது.

சரி, அப்ப எதை வாங்குறது?

எங்கள் பதிலை நேராகவே சொல்கிறோம்.

சீசன் காலத்தில் யாத்திரைப் பாதையில் போய் வருகிறவர் எதையும் வாங்க வேண்டாம். ஆள் நடமாட்டம் உள்ள பாதை அது. எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்கு மேல் தேடத் தொடங்கணும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஒரு விசில், ஒரு பவர் பேங்க், இரண்டு நிறுவனங்களின் சிம் போதும்.

காட்டுக்குள் ஓரிரு இரவு தங்குகிற குழுவுக்கு இரண்டு தெரிவு உண்டு. 406 கருவி உறுதியானது, மாதச் சந்தா இல்லை, மின்கலம் பல வருடம் காத்திருக்கும், இயக்கினால் ஒரு நாளாவது கத்தும். ஆனால் அதை எந்த நாட்டின் குறியீட்டோடு விற்கிறார்கள், எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் என்று வாங்குமுன் கேளுங்கள். பதிவு இல்லாத கருவி, முகவரி இல்லாத லயம் மாதிரித்தான். இன்ரீச் வகைக்குச் சந்தா உண்டு, அடிக்கடி சார்ஜ் பண்ணணும். ஆனால் பதில் வரும். அதைவிட முக்கியமாக, அதில் வெளிநாட்டு அவசர மையத்துக்கு மட்டுமல்ல, நம் ஆட்களுக்கும் சேதி அனுப்பலாம். லயத்தில் இருக்கிற அக்காவுக்குச் சேதி போனால், அவர் 119க்கும் 117க்கும் சிங்களத்தில் பேசுவார், பாதை தெரிந்த நான்கு பேரையும் எழுப்புவார். குரங்கணியிலும் முதலில் ஏறியவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். அதனால் எங்கள் தெரிவு இரு பக்கமும் பேசுகிற கருவி, செய்மதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற வலைப்பின்னலில்.

எந்தக் கருவியானாலும் வானம் தெரியணும். அடர்ந்த மரத்தின் கீழும் குறுகிய ஓடைப் பள்ளத்திலும் சேதி போகப் பல நிமிடம் எடுக்கும், சிலவேளை போகாது. வெட்டவெளிக்கு வந்து அன்டெனாவை மேல்நோக்கிப் பிடிக்கப் பழகிக்கொள்ளணும்.

விலை? இன்ரீச் மினி 2 வெளிவந்தபோது அமெரிக்காவில் 400 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 1,20,000 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் அது 89 நாள் உழைப்பு, சந்தாவும் வரியும் தனி. ஒரு குடும்பம் வாங்குகிற பொருள் இல்லை இது. ஒரு தோட்டத்துக்கு, ஒரு வாசிகசாலைக்கு, ஒரு இளைஞர் மன்றத்துக்கு ஒன்று என்றால் யோசிக்கலாம். மழைக்காலத்தில் லயத்தில் இருக்கும், மற்ற நேரம் மலையேறுகிறவர்களோடு போகும். பாவிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தது நான்கு பேர் இருக்கணும், அதில் இரண்டு பேராவது இரவிலும் லயத்தில் இருக்கிற பெண்களாக இருக்கணும். அலுமாரிச் சாவி பங்களாவில் இருக்கக்கூடாது.

காசே இல்லாமல் இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது நேராகச் செய்மதியைக் கேட்கிறது. ஒவ்வொரு லயத்தின் முன்னாலும், கோயில், பிள்ளை மடுவம், பாடசாலை மைதானம் முன்னாலும் நின்று அகலாங்கு, நெட்டாங்கு எண்களை எடுங்கள். இரத்தினபுரி நகரம் 6.68, 80.40 பக்கம். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் இன்ன லயம் என்று சொல்லிவிடும். பெயின்ட்டால் சுவரில் எழுதுங்கள், ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். அடுத்த முறை 1990க்கு அழைக்கும்போது வாசித்துக் காட்ட அந்த எண்கள் போதும். கருவி வாங்கினால் அதே எண்களைத்தான் அதுவும் அனுப்பும்.

எங்கள் தோட்டங்களின் பட்டியலைத் தொடங்கிவிட்டோம். அடுத்த மே மாத மழைக்கு முன் முடிக்கணும். உங்கள் டிவிஷனின் எண்களையும் எடுத்து அனுப்புங்கள்.